பிள்ளையார் சுழியை நான்தான் அழித்தேன்

செயலாளர் ஐயா நோட்டீஸைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சால்வைத் தலைப்பால் துடைத்து, போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “மகள், இது ஆரின்ட அந்தியேட்டி?”

அது எங்கள் ஒழுங்கை முனைப் பிள்ளையார் கோயிலின் ஆனித் திருவிழா நோட்டீஸ். நான் செய்த இரண்டாவது வரைவு. வெள்ளைத் தாள், மெல்லிய சாம்பல் எழுத்து, நாலு பக்கமும் தாராளமான வெற்றிடம். வெளிநாட்டுச் சுவரொட்டிகளைப் பார்த்துப் பார்த்து, நல்ல டிசைன் என்றால் இதுதான் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. எங்கள் ஊரில் கறுப்பும் வெள்ளையும் வெற்றிடமும் சேர்ந்து வந்தால் அது செத்த வீட்டுச் சங்கதி என்பது, அவர் கேட்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீடு திருகோணமலை அன்புவழிபுரத்தில். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் 4 ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப்பில் டிசைன் படிக்கிறேன். வகுப்புக்குப் போனதில்லை, யூடியூப்தான் வாத்தியார். முதல் ஆறு மாதமும் இல்லாத கோப்பிக் கடைக்கு லோகோ, இல்லாத பயணக் கம்பனிக்கு இணையத்தளம் என்று செய்துகொண்டிருந்தேன். இல்லாத வாடிக்கையாளர்கள் குறையே சொல்வதில்லை. அதனால் நான் கெட்டிக்காரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். கொடியேற்றத்துக்கு ஐந்து கிழமை இருக்கும்போது பரிபாலன சபை நோட்டீஸ் வேலையைத் தந்தது. “நீ கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளைதானே” என்பதுதான் தகுதிச் சான்றிதழ்.

பென் டிரைவில் வந்தது

போன வருடத்துக் கோப்பை ஒரு பென் டிரைவில் தந்தார்கள். வேர்டில் திறந்தால் வடிவான தமிழ். அதையே நகல் எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. பாமினி! இலங்கையில் தமிழ் தட்டச்சுப் பழகியவர்களுக்கு இந்த எழுத்துருவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பாமினிக் கோப்புக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவங்களை மாட்டி வைத்திருக்கிறது. எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும்.

பாமினியை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒட்டி, பொத்தானை அமத்தினால் ஐந்து செக்கனில் மாற்றித் தருகின்றன. அந்த ஐந்து செக்கன் வேலையைத் திருத்த எனக்கு இரண்டு இரவு போனது. மாற்றி எல்லா ஆங்கில எழுத்தையும் பாமினி என்றே நினைத்துக்கொள்ளும். ஆகவே சபையின் மின்னஞ்சல் முகவரி எந்த மொழியிலும் வாசிக்க முடியாத தமிழாகிவிட்டிருந்தது. அது உடனே கண்ணில் பட்டது, திருத்தினேன். கண்ணில் படாத பிழைகள்தான் ஆளைத் தின்றன.

கோப்பில் பல இடத்தில் ‘தலைவா்’, ‘தொிவிக்கின்றோம்’ என்று இருந்தது. உற்றுப் பாருங்கள். அங்கே ரகரம் இல்லை. புள்ளியோ விசிறியோ (இகரக் குறி) வரும்போது ரகரத்தின் காலை விட்டு எழுதும் பழைய வழக்கப்படி, தட்டச்சுச் செய்தவர் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைத் தட்டியிருக்கிறார். தாளில் வித்தியாசம் தெரியாது. ஆனால் இணையப் பக்கத்தில் ஒருவர் ‘தலைவர்’ என்று தேடினால் அகப்படாது. சில எழுத்துருக்களில் புள்ளி எங்கேயோ போய்க் குந்தியிருக்கும். தமிழில் துணைக்காலுக்குப் பின்னால் புள்ளி வரவே வராது என்பதால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘தேடி மாற்று’ என்று கொடுக்கலாம். கொடுத்தேன். நூற்றுக்கு மேற்பட்ட இடங்கள் ஒரே தட்டில் சரியாகின.

அந்த வெற்றியின் மிதப்பில் அடுத்ததையும் கண்ணை மூடிக்கொண்டே செய்தேன். ‘பௌர்ணமி’ என்பதைப் பலர் கொம்பும் ளகரமுமாகப் ‘பெளர்ணமி’ என்று தட்டுவார்கள். கோப்பிலும் அப்படியே. ஆகவே கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாறட்டும் என்று கட்டளை கொடுத்தேன். பௌர்ணமி சரியானது. கூடவே ‘வெள்ளிக்கிழமை’ எல்லாம் ‘வௌ்ளிக்கிழமை’ ஆனது. வெள்ளிக்கு வருகிற கொம்பும் ளகரமும் உண்மையான கொம்பும் ளகரமும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரிவதால் நான் கவனிக்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமை பிறகு வந்து என்னைக் கடித்தது.

எழுத்துச் சண்டை இன்னொன்றும் இருந்தது. என்னிடம் இருந்த பழைய போட்டோஷொப்பில் ‘கோயில்’ என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பிறகுதான் சேமிக்கப்படும். அதை முன்னால் கொண்டுவந்து வரைவது மென்பொருளின் பொறுப்பு. பாமினியில் கொம்பை நாமே முதலில் தட்டுவதால் அங்கே இந்தப் பிரச்சினை எழுந்ததே இல்லை. போட்டோஷொப்பின் எழுத்து அமைப்புகளுக்குள் ‘வேர்ல்ட் ரெடி’ என்ற தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் தெற்காசிய மொழிகள் ஒழுங்காக வரும். என் பழைய பதிப்பில் அதைத் தேடிக் களைத்துப்போய் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்கு மாறினேன். இலவசம், என் லப்டொப்பிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது, தமிழை முதல் தட்டிலேயே சரியாகக் காட்டியது. அதன்பின் திரும்பிப் போகவில்லை.

முதல் வரைவு

அதைப் பற்றி நீட்டிக் கதைக்க வெட்கமாக இருக்கிறது. இறக்கிய பொன் நிறச் சட்டம், ஐந்து வகை எழுத்துரு, எல்லா எழுத்துக்கும் கீழே நிழல், பின்னணியில் சுவாமி மலையும் கடலும் மங்கலாக. திரையில் கலியாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. ஒரு பிரதி எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. சன்னல் வெளிச்சத்துக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படம் நல்ல வடிவு மகள். கொடியேற்றம் எப்ப?”

திகதி அவர் கையில் இருந்த தாளிலேயே இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. தாளைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது. அவர் கேட்கும் முதல் கேள்விக்கான பதில் தாளில் இருந்தால் டிசைன் தோல்வி. விளக்கம் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுக்கும். சொல்லக்கூடாது, நோட்டீஸோடு நான் வீடு வீடாகப் போகப்போவதில்லையே.

வீதியில் படித்த பத்து நாள்

யூடியூபை நிறுத்திவிட்டு ஒரு ஞாயிறு பின்னேரம் பஸ் நிலையத்தில் இருந்து உட்துறைமுக வீதி வழியாக நடந்தேன். பிறகு பிரடெரிக் கோட்டை வாசல் வரை. இன்னொரு நாள் திருக்கடலூர்க் கரைக்கு. ஃபோனில் பலகைகளைப் படம் எடுப்பதுதான் வேலை. பழக்கடைக்காரர் ஒருவர் என்னை மாநகர சபை ஆள் என்று நினைத்துத் தட்டுகளை உள்ளே இழுத்தார்.

மும்மொழிப் பலகைகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே அகலப் பெட்டி. தமிழ்ச் சொல் நீளம் கூடியது, பெட்டிக்குள் அடங்காது. எழுத்தின் அளவைக் குறைக்கவோ வரியை உடைக்கவோ பஞ்சிப்பட்டு, பக்கவாட்டில் நசித்து அடைத்துவிடுகிறார்கள். நசித்ததும் நேர்க்கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் தடித்தபடி நிற்கும். ணகரமும் னகரமும் சுழி தெரியாமல் ஒன்றாகிவிடும். உப்புவெளிப் பக்கம் விடுதிப் பலகைகளில் தமிழ் இருந்தாலும் அது ஓரமாக, விருந்துக்கு அழைக்காமல் வந்தவர் மாதிரி நிற்கிறது.

இதற்கு நேர் எதிர், கரையில் இருந்த படகுகள். தட்டைத் தூரிகையால் கையால் எழுதிய பெயர்கள். கோடெல்லாம் ஒரே தடிப்பு, பெயர் முழு இடத்தையும் நிரப்பி நிற்கிறது, வேறு ஒன்றும் இல்லை. கடலில் ஆடுகிற படகின் பெயரைக் கரையில் நிற்பவர் படிக்க வேண்டும் என்பதால் எழுதியவருக்கு அலங்காரத்துக்கு நேரமில்லை. ஒரு படகுப் பெயரில் ஒற்று ஒன்று தவறியிருந்தது. இருந்தாலும் நான் பார்த்ததில் மிகத் தெளிவான எழுத்து அதுதான்.

பத்து பலகைகளைத் தெரிந்து, ஒரு இரவுக்கு ஒன்றாக இங்க்ஸ்கேப்பில் திரும்பச் செய்தேன். எனக்கு நானே விதித்த கட்டுப்பாடு: அதே சொற்கள், கறுப்பு மட்டும், ஒரே எழுத்துரு, படம் கிடையாது. இடத்தையும் அளவையும் தடிப்பையும் மட்டும் மாற்றலாம். முதல் மூன்று இரவும் எரிச்சலாக இருந்தது. நாலாவது இரவில், ஒரு மருந்தகப் பலகையில் திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசி எண்ணில் இருந்து ஒரு விரல் அளவு தள்ளி வைத்தேன். இரண்டும் தனித்தனியாகக் கண்ணில் விழுந்தன. கோடு போடவில்லை, பெட்டி போடவில்லை, நிறம் மாற்றவில்லை. அந்த ஒரு விரல் இடைவெளி எனக்கு ஆறு மாத யூடியூபைவிடக் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்தது.

ஆங்கிலப் பாடங்களில் பாதி தமிழுக்குப் பொருந்தாது என்பதும் இந்தப் பத்து நாளில்தான் விளங்கியது. தலைப்பைப் பெரிய எழுத்தில் போடு என்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. சாய்வெழுத்தால் வேறுபடுத்து என்பார்கள். தமிழில் பெரும்பாலும் கிடைப்பது கணினி பிடித்துத் தள்ளிச் சரித்த எழுத்து, சாய்வாக வரைந்தது அல்ல. காற்றில் சரிந்த வேலி மாதிரி இருக்கும். எழுத்துகளுக்கு இடையே வெளி விட்டு நாகரிகமாக்கு என்பார்கள். ‘கொ’ போன்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே நடக்கத் தொடங்கிவிடும். மிஞ்சுவது அளவு, தடிப்பு, நிறம், வெற்றிடம். ஆகவே எனக்குப் பல தடிப்புகள் உள்ள எழுத்துரு தேவைப்பட்டது. கூகுளின் இலவசத் தொகுப்பில் கட்டமரன் 9 தடிப்புகளிலும், முக்தா மலர் 7 தடிப்புகளிலும், ஹிந்த் மதுரை 5 தடிப்புகளிலும் இருக்கின்றன. மூன்றிலும் ‘உபயகாரர்’, ‘தீர்த்தம்’, ‘ஸ்ரீ’ என்று எழுதிப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். முக்தா மலரைத் தெரிந்தேன். சின்ன அளவிலும் சுழிகள் அடைபடவில்லை.

சுழி எங்க?

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் அந்த அந்தியேட்டி நோட்டீஸைச் செய்தேன். ஒரு கரையில் இருந்து மறுகரைக்குப் பாய்ந்துவிட்டேன். நிறமெல்லாம் போச்சு, சட்டம் போச்சு, எழுத்து மெலிந்து சாம்பலானது. ‘மகோற்சவ விஞ்ஞாபனம்’ என்று தொடங்கி ‘மெய்யடியார்களே’ என்று அழைக்கும் பத்து வரிப் பந்தியை இரண்டு வரியாக வெட்டினேன். உச்சியில் இருந்த ‘உ’வையும் ‘சிவமயம்’ என்பதையும் இடத்தை அடைக்கிற தூசு என்று நினைத்து அழித்தேன்.

செயலாளர் ஐயா கேட்ட கேள்வியாவது சிரிப்போடு போனது. தலைவர் ஐயா சிரிக்கவில்லை. தாளை மேசையில் வைத்து, “சுழி எங்க?” என்று மட்டும் கேட்டார். நான் வெற்றிடம், பார்வையின் ஓட்டம் என்று ஏதோ தொடங்கினேன். அவர் சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்து, தாளின் உச்சியில் நடுவாக ஒரு ‘உ’ போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்து, என்னிடம் நீட்டினார். கடைக் கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் அதே ‘உ’வைப் போட்டுத்தான் நானும் தொடங்குகிறேன். பிள்ளையார் கோயில் நோட்டீஸில் பிள்ளையார் சுழியை அழித்திருக்கிறேன். குருக்கள் ஐயா தன் பங்குக்கு, அந்தப் பந்தி நோட்டீஸின் அழைப்பு, அழைப்பை வெட்டினால் ஆர் வருவினம் என்றார். அவரோடு வாதிட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் ஒரு பகுதியை எல்லாரும் கேளாமலே ஏற்றுக்கொண்டார்கள். அது 12 நாள் அட்டவணை. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை 10 நாள், அதன்பின் பூங்காவனம், வைரவர் மடை. போன வருட நோட்டீஸில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு அளவு எழுத்து. நான் பெட்டிகளைக் கலைத்து மூன்று நிரல்களாக்கியிருந்தேன். இடது பக்கம் திகதியும் கிழமையும், நடுவில் திருவிழா, வலது பக்கம் உபயகாரர். திகதி எண் மட்டும் 20 புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு), தடிப்பாக. மற்றதெல்லாம் 11 புள்ளி.

உபயகாரர் பெயர் சாதாரண விசயம் இல்லை. பெயர் சின்னதாக வந்துவிட்டது என்று ஒரு குடும்பம் அடுத்த வருடம் உபயத்தையே விட்ட கதை எங்கள் கோயிலில் இருக்கிறது. டிசைன் பாடத்தில் முக்கியமானதைப் பெரிதாக்கு என்பார்கள். இங்கே எல்லாரும் சமமாக முக்கியம், ஒருவருக்கும் தான் குறைந்ததாகத் தோன்றக்கூடாது. ஆகவே ஆக நீளமான பெயரை முதலில் எடுத்தேன். அது ஒரே வரியில் எந்த அளவில் அடங்குகிறதோ அதுதான் எல்லாருக்கும் அளவு. அந்த 11 புள்ளி வந்த வழி அதுதான். நீளமான பெயர்தான் அட்டவணையின் அதிபதி.

ஒரே மை, மஞ்சள் தாள்

மூன்றாவது வரைவுக்கு நிறம் வேண்டும் என்று சிவப்பு, பொன், நீலம் எல்லாம் யோசித்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அச்சக அண்ணா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி, என்ன நிறம் எண்டாலும் எனக்குக் கறுப்பிலதான் தரவேணும்.”

ஒரு மைக்கு ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு. கோயில்காரர் கேட்பது ஒரு மைதான், ஏனென்றால் ஒவ்வொரு பிளேட்டுக்கும் காசு. பிளேட்டுக்கு எது சிவப்பு, எது நீலம் என்று தெரியாது. எங்கே மை படவேண்டும், எங்கே படக்கூடாது என்பதுதான் அதன் முழு உலகம். கறுப்பில் கொடுத்த வேலையைக் கடும் சிவப்பு மையில் மஞ்சள் தாளில் அடித்தால் திருவிழா நோட்டீஸ். அதே பிளேட்டைக் கறுப்பு மையில் வெள்ளைத் தாளில் அடித்தால், உங்களுக்குத் தெரியும்.

என் இளம் சாம்பல் பட்டைகளைக் காட்டினேன். 10 வீதச் சாயலை இந்தத் தாளில் அடித்தால் புள்ளி புள்ளியாக அழுக்குப் பட்ட மாதிரி வரும் என்று தலையாட்டினார். ஒன்றில் முழு மை, அல்லது வெறும் தாள். அந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது நிம்மதி. தேர்வுகள் குறைந்ததும் கை ஓடத் தொடங்கியது. கொடியேற்றம், தேர், தீர்த்தம் ஆகிய மூன்று நாளுக்கும் முழு மைப் பட்டை போட்டு, அதற்குள் எழுத்தைத் தாளின் மஞ்சளாகவே விட்டேன். ஒரே மையில் இரண்டு நிறம் கிடைத்த மாதிரி.

சட்டத்தைப் பற்றியும் அவரிடம் கற்றேன். ஏ4 தாளின் விளிம்பில் இருந்து 3 மில்லிமீற்றரில் சட்டம் போட்டிருந்தேன். வெட்டும்போது கத்தி 1 மில்லிமீற்றர் விலகினாலும் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4 என்று கோணலாகத் தெரியும். சட்டத்தை 10 மில்லிமீற்றர் உள்ளே தள்ளினால் அதே விலகலை ஒருவரும் காணமாட்டார்கள். நிறம் விளிம்புவரை ஓடவேண்டுமென்றால் வெட்டுக்கோட்டுக்கு வெளியே இன்னும் 3 மில்லிமீற்றர் நீட்டிக் கொடுக்கவேண்டும், வெட்டிப் போகத்தான்.

கடைசிப் படி, எழுத்துகளை வடிவங்களாக மாற்றுவது. அச்சகக் கணினியில் முக்தா மலர் இருக்காது. எழுத்துரு இல்லாத இடத்தில் மென்பொருள் வேறு ஏதாவது ஒன்றை நுழைத்துவிடும். வடிவமாக்கிவிட்டால் அது வெறும் படம், எங்கே திறந்தாலும் மாறாது. மாற்றினேன். அதே பெயரில் சேமித்தேன். லப்டொப்பை மூடினேன்.

அடுத்த நாள் காலை பிரிண்ட் எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். திகதி கேட்கவில்லை. எத்தனை மணி என்று கேட்கவில்லை. விரலை அட்டவணையில் வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்று, “இதென்ன மகள், வௌ்ளியில ஏதோ எழுத்து நெரிஞ்சு கிடக்கு” என்றார். மாற்றியில் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்த அதே வெள்ளிக்கிழமை. முக்தா மலரில் அந்தப் புள்ளி ளகரத்தை விட்டு வேறெங்கோ நின்றது. திரையில் எனக்குப் படாதது எழுபது வயதுக் கண்ணில் பட்டது. இரண்டு வெள்ளிக்கிழமைகள், இரண்டும் இப்போது எழுத்து அல்ல, வடிவம். திருத்த முடியாது. எழுத்தாக இருந்த கோப்பை நானே மேலெழுதி அழித்திருந்தேன். அட்டவணையை முதலில் இருந்து தட்டினேன், விடியப்புறம் மூன்று மணி வரை. இப்போது என் கோப்புறையில் ‘எழுத்து’ என்று ஒன்று, ‘அச்சுக்கு’ என்று ஒன்று. இரண்டாவதில் இருந்து முதலாவதுக்குப் பாதை இல்லை.

ஃபோனுக்குள் திருவிழா

நோட்டீஸ் அச்சுக்குப் போனதும் அதே விபரத்தை ஒற்றை இணையப் பக்கமாகச் செய்யலாம் என்று நானே கேட்டு வாங்கினேன். உபயகாரரில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும், பக்கத்தை ஏற்றி வைக்க கிட்ஹப் தளத்தில் இலவச இடம். யூனிகோடில் திருத்திய உரை கையில் இருந்ததால் தட்டச்சு வேலை இருக்கவில்லை. அந்த இரண்டு இரவும் இங்கே பலன் தந்தன.

லப்டொப்பில் வடிவாக இருந்த பக்கம் ஃபோனில் எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது. பக்கத்தின் தலையில் எழுதவேண்டிய வியூபோர்ட் வரியை விட்டிருந்தேன். அது இல்லாவிட்டால் ஃபோன் இதை மேசைக் கணினிப் பக்கம் என்று நினைத்து, 980 பிக்சல் அகலத்தில் வரைந்து சுருக்கிக் காட்டும். ஒரு வரி சேர்த்ததும் எழுத்து பெரிதானது, அட்டவணை வெளியே ஓடியது. 360 பிக்சல் அகலத்தில் மூன்று நிரல் நிற்காது. ஃபோனில் மட்டும் நிரல்களை உடைத்து, ஒரு நாளை ஒரு கட்டாக, திகதி மேலே, திருவிழா நடுவே, பெயர் கீழே என்று அடுக்கினேன்.

வரி உயரத்துக்கு ஆங்கில மாதிரி ஒன்றில் இருந்து எழுத்தளவின் 1.2 மடங்கு என்று எடுத்திருந்தேன். மேல் வரி ‘ழு’வின் வால் கீழ் வரி ‘கீ’யின் விசிறியில் இடித்தது. 1.7க்கு ஏற்றியதும் மூச்சு வந்தது. எழுத்து நிறத்தில் பழைய சாம்பல் ஆசை மிச்சம் இருந்தது, #999999 என்ற நிறக் குறியீடு. வெள்ளைப் பின்னணியோடு அதன் ஒளி வேறுபாடு 2.85க்கு 1 தான். சாதாரண அளவு எழுத்துக்கு ஆகக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டிகள் சொல்கின்றன. #767676 இட்டால் மட்டுமட்டாகத் தேறும். பகல் பதினொரு மணி வெயிலில் கோயில் வீதியில் நின்று ஃபோனைப் பார்த்தேன். மட்டுமட்டு காணாது. #333333 என்று வைத்தேன், 12.63க்கு 1. சாம்பல் ஆசை அன்றோடு தீர்ந்தது.

கோபுரப் படம் என் லப்டொப்பில் தெரிந்தது, இணையத்தில் ஏற்றியதும் உடைந்த சட்டமாக நின்றது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்தேன். கமரா கோப்புப் பெயரின் பின்னொட்டைப் பெரிய ஆங்கில எழுத்தில் போட்டிருந்தது, நான் சின்ன எழுத்தில் அழைத்திருந்தேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றென்று விட்டுக்கொடுக்கும், அந்தச் சேவையகம் விட்டுக்கொடுக்காது. பெயரை மாற்றும்போதே 4000க்கு 3000 பிக்சலில் இருந்த படத்தை 1200க்கு 900 ஆகச் சுருக்கினேன். 5 மெகாபைட் 150 கிலோபைட் அளவுக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பிழை கடைசியில் வந்தது. இன்றைய நாளின் கட்டை மஞ்சளாகக் காட்டச் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். ஒன்றும் மஞ்சளாகவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி 0, ஆகவே ஜூன் என்றால் 5. நான் 6 என்று எழுதி ஜூலைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். திருத்தினேன், ஓடியது, பெருமைப்பட்டேன். தீர்த்தத்தன்று காலை ஏழு மணிக்குக் கனடாச் சித்தப்பாவிடம் இருந்து வட்ஸ்அப்பில் குரல் செய்தி: “பிள்ளை, நீ இண்டைக்குத் தேர் எண்டு போட்டிருக்கிறாய், லைவ்ல சாமி தீர்த்தத்துக்குப் போகுது!” அங்கே அப்போது முதல் நாள் இரவு ஒன்பதரை. பக்கம் அவருடைய ஃபோனின் திகதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீதியில் நின்றபடியே நேர வலயத்தைக் கொழும்புக்குக் கட்டிப்போட்டேன், பின்னால் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

தாள் நோட்டீஸ்கள் எப்படிப் போயின என்றும் சொல்லவேண்டும். கோட்டைப் பக்கத்துச் சுவரில் மாப்பசையால் ஒட்டிய மூன்றை அங்கே திரியும் மான்கள் பசை ருசிக்காகக் கிழித்துத் தின்றுவிட்டன. மிச்சம் தாங்கின. பூங்காவனத்தன்று இரவு கோயில் மண்டபத்தில் ஒரு தூணில் ஒட்டியிருந்ததைக் கழற்றப் போனேன், நினைவுக்கு வைக்க. தேர், தீர்த்தம் இரண்டு நாள் பட்டைகளுக்குப் பக்கத்தில், நான் கவனமாகப் பாதுகாத்த வெற்றிடத்தில், யாரோ நீலப் பேனையால் எழுதியிருந்தார்கள்: ‘அன்னதானம் 12.30’. வேறொரு கையெழுத்து அதன் கீழே ‘1.00’ என்று திருத்தியிருந்தது. பூசை நேரம், வீதியுலா நேரம், உபயகாரர் எல்லாம் போட்ட நான் அன்னதானத்தைப் போடவில்லை. அடுத்த வருடத்துக்கான கோப்பைத் திறந்து, ‘உ’வுக்குக் கீழே அதை முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன். சரியான நேரம் 12.30 ஆ, 1.00 ஆ என்று செயலாளர் ஐயாவிடம் இன்னும் கேட்கவேண்டும்.